வெட்டாத பதினோரு நிமிஷம்

"இதைப் பிடுங்கிப் போட்டுட்டு வேற வைம்மா" என்றார் ஆல்ஃபிரட் மாஸ்டர்.

கிட்டாரை மேசை மேல் வைத்தார். வைத்தார் என்று சொல்லக் கூடாது. போட்டார்.

பிரிசில்லா கிட்டாரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"எதை?"

"பிரிட்ஜ் பிக்கப்பை. ஹம்பக்கரை. வேற எதை?"

தந்திகளுக்கு அடியில், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி. தந்தி அதிர்வதைக் கேட்டு ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிக்குச் சொல்வது அதன் வேலை. கேட்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.

"அது என்ன பண்ணுச்சு?"

"கத்துது. சாக்பீஸை போர்டுல இழுத்த மாதிரி கீச்சுன்னு கத்துது. நான் வாசிக்காதப்ப கத்துது, வாசிக்கும்போதும் கத்துது."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷம் பொறுத்துக்கிட்டீங்க. இப்ப என்ன அவசரம்?"

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

பெரம்பூரில் மாதா கோயிலுக்குப் போகும் தெருவில், பிரிசில்லா பிக்கப் விற்று மாட்டித் தரும் அறை அவள் அம்மாவின் மெழுகுவர்த்திக் கடைக்கு மேலே இருந்தது. ஊரில் கிட்டார் வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் அந்த மாடிப்படி ஏறுவார்கள். பாதிப் பேர் வெறுங்கையோடு இறங்குவார்கள். கேட்டதைக் கொடுக்க மாட்டாள் என்று அவளுக்குப் பெயர்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. மாஸ்டருக்கு நாற்பத்து மூன்று. அவரிடம் நாற்பது பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். யாருக்கும் அவர் காத்திருந்து பழக்கமில்லை.

"என் பொண்ணு" என்றார் கடைசியில். "ஜோவி. நாலு வயசு. நான் வாசிச்சா கிட்டார் மேலயே கன்னத்தை வெச்சிட்டு உக்காந்திருப்பா. உள்ள யாரோ இருக்காங்கன்னு சொல்லுவா."

"இப்ப?"

"நான் கிட்டாரைத் தொட்டாலே கட்டிலுக்கு அடியில போயிடறா. கூப்பிட்டா வர மாட்டேங்கறா. இழுத்தாதான் வர்றா. இந்தக் கீச்சு அவளை அப்படிப் பண்ணிடுச்சு."

"அவங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

"கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? பிக்கப்பைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

பிரிசில்லா கிட்டாரில் ஒயரைச் சொருகினாள். ஆம்ப்பைப் போட்டாள். ஆறு தந்திகளையும் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"குனிஞ்சு பேசுங்க."

"என்னத்த பேசறது?"

என்னத்த பேசறது, என்றது ஆம்ப்.

தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் மெலிசாக. ஆனால் அவர் குரல்தான்.

"இன்னாது இது!"

இன்னாது இது, என்றது ஆம்ப்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"உள்ள ரெண்டு காயில் இருக்கு மாஸ்டர். தலைமுடியைவிட மெல்லிசா செம்புக் கம்பி, ஒவ்வொண்ணுலயும் ஆயிரக்கணக்கான சுத்து. அசையாம இருக்கறதுக்காக மெழுகுல முக்கி எடுப்பாங்க. இதுல மெழுகு போயிடுச்சு. கம்பி தளர்ந்திடுச்சு. ரூம்ல எது அதிர்ந்தாலும் இதுவும் சேர்ந்து அதிருது."

"ரெண்டு காயிலும் இரைச்சலை அழிக்கத்தானே? அதுக்குத்தானே ஹம்பக்கர்?"

"கரண்ட்டோட இரைச்சலை அழிக்கும். வீட்டோட இரைச்சலை அழிக்காது."

"அப்ப இது செத்துப் போச்சு."

"சாகல. எல்லாத்தையும் கேக்குது."

"எனக்கு எதையும் கேக்காதது வேணும்" என்றார் மாஸ்டர்.

பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மாணவனுக்குப் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கிறவர் போல. புதுப் பிக்கப்பில் என்ன காந்தம், எத்தனை ஓம், எத்தனை ஒயர் என்று எல்லாம் அதில் எழுதியிருந்தது.

அவள் அதை வாங்கிப் படிக்காமலே மடித்தாள்.

"பழசுல வாசிச்ச ரெக்கார்டிங் இருக்கா?"

"ஏன் இல்லாம? வாரா வாரம் பிள்ளைங்களுக்கு ரெக்கார்ட் பண்ணி அனுப்பறேன். கிட்டார்லேர்ந்து நேரா போனுக்கு. ரூம்ல மைக்கே கிடையாது."

"அதுல ஒண்ணு கொண்டாங்க. கீச்சு அதிகமா வந்த நாள். வெட்டாம, முழுசா."

"எதுக்கு?"

"பழசு என்ன கேட்டுச்சுன்னு தெரியாம நான் புதுசு வைக்கறது இல்ல."

மாஸ்டர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"நீ பிக்கப் விக்கறியா, கோயில்ல சாமியார் மாதிரி பாவசங்கீர்த்தனம் கேக்கறியா?"

"அங்க வெட்டிச் சொல்லலாம்" என்றாள் பிரிசில்லா. "இங்க வெட்டக் கூடாது."

அவர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மரப்படி ஒவ்வொன்றும் அதிர்ந்தது. கீழே அடுக்கி வைத்திருந்த மெழுகுவர்த்திகளில் நாலைந்து உருண்டு தரையில் விழுந்தன.

"யாருடி அது, பூகம்பம்?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"திரும்பி வருவார்ம்மா" என்றாள் அவள்.

*

மூன்றாவது வாரம் வந்தார்.

கிட்டாரில் புதுப் பிக்கப். மவுண்ட் ரோடில் ஒரு கடையில் வாங்கி, அங்கேயே மாட்டியிருந்தார். காகிதத்தில் எழுதியிருந்த அதே காந்தம், அதே ஓம். பழையது சட்டைப்பையில் இருந்தது.

"நீ கொடுக்கலைன்னா கிடைக்காதுன்னு நினைச்சியா?"

"கீச்சு போயிடுச்சா?"

"சுத்தமா போயிடுச்சு. மாட்டினதுலேர்ந்து ஒரு வாட்டிகூட வரல."

"நல்லதாப் போச்சு. அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

மாஸ்டர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அப்பவும் கட்டிலுக்கு அடியிலதான்."

அவள் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"உறையைத் திறக்கற ஜிப் சத்தம் கேட்டாலே ஓடறா. ஆம்ப்பைக்கூட ஆன் பண்ணல நான். போயி சுவரோரமா ஒட்டிக்கறா. கை விட்டா எட்டாது. கட்டிலைத்தான் நகர்த்தணும்."

"நகர்த்தினீங்களா?"

"நகர்த்தாம? பசிக்காதா அதுக்கு?"

பிரிசில்லா காபி டம்ளரைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை. கீழே வைத்தாள்.

"இந்தப் புதுசு குத்துது" என்றார் மாஸ்டர். "அதான் காரணம். சத்தம் ஊசி மாதிரி குத்துது. குழந்தை காது இல்லையா? வேற காந்தம் போட்டதா, கொஞ்சம் மெதுவா கேக்கறதா பார்த்து வை. நீயே தேர்ந்தெடு. நான் எதுவும் பேசல."

"ரெக்கார்டிங்?"

"கொண்டாந்திருக்கேன், இந்தா. ஏழெட்டு மாசத்துக்கு முந்தினது."

போனை நீட்டினார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். நாலு நிமிஷம். அருமையான வாசிப்பு. ஒரு தாளம் தப்பவில்லை. ஊரில் அவரைப் பற்றி எல்லாரும் சொல்வதும் அதுதான். கூரை இடிந்து விழுந்தாலும் மாஸ்டர் தாளம் விட மாட்டார்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"கீச்சு எங்க?"

"அதையெல்லாம் டெரிக் வெட்டிடுவான். என் ஸ்டூடண்ட். நான் வாசிச்சு முடிச்சதும் அப்படியே அவனுக்கு அனுப்பிடுவேன். அவன் சுத்தம் பண்ணி மத்தவங்களுக்கு அனுப்புவான்."

"வெட்டறதுக்கு முன்னாடி எவ்வளவு நிமிஷம்?"

"யாருக்குத் தெரியும்? நான் திருப்பிக் கேக்கறதே இல்ல."

"டெரிக் வெட்டிப் போட்டதும் சேர்ந்து முழுசா எனக்கு வேணும்."

"குப்பையை வெச்சிட்டு நீ என்ன பண்ணப் போற?"

"கேக்கப் போறேன்."

"இதோ பாரும்மா." அவர் குரல் இறங்கியது. ஏறுவதற்கு முன்னால் அப்படித்தான் இறங்கும். "உன் வயசு எனக்கு அனுபவம். இருபத்தெட்டு வருஷமா கிட்டார் பிடிக்கறேன். எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். இந்த டிராயர்ல இருக்கறதுல ஒண்ணை எடுத்து வெச்சா வேலை முடிஞ்சுது. என் பொண்ணு என்கிட்ட வரணும். உனக்குப் புரியுதா இல்லையா? அவ என்கிட்ட வந்து ஆறு மாசம் ஆச்சு!"

கை மேசையில் இறங்கியது.

ஸ்குரூக்கள் துள்ளின. ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் கம்பி ஸ்டாண்டோடு சாய்ந்தது.

காபி டம்ளர் சாயவில்லை. அது ஏற்கெனவே ஜன்னல் கட்டையில் இருந்தது. அவர் கை மேலே போவதற்கு முன்பே அவள் அதை எடுத்து நகர்த்தியிருந்தாள்.

மாஸ்டர் டம்ளரைப் பார்த்தார்.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"மூச்சு மாறிச்சு."

கீழேயிருந்து குரல் வந்தது. "என்னடி உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையலம்மா. மாஸ்டர் பேசிட்டிருக்கார்."

அவள் சால்டரிங் கம்பியை நிமிர்த்தி வைத்தாள். உருண்ட ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவர் உதவிக்குக் குனிந்தார். வேண்டாம் என்று சைகை காட்டினாள்.

"பழைய பிக்கப்பை இங்க வெச்சிட்டுப் போங்க. தூக்கிப் போட்டுடாதீங்க."

*

டெரிக் அதை அனுப்ப ஒரு வாரம் ஆனது.

முதலில் அழித்துவிட்டேன் சார் என்றான். பிறகு போன் ரிப்பேர் என்றான். பிறகு, எதற்கு சார் அது, வேண்டாம் சார் என்றான். மாஸ்டர் கத்திய கத்தலில் கடைசியில் அனுப்பினான். கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: நீங்க மட்டும் தனியா கேளுங்க சார்.

மாஸ்டர் கேட்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் பிரிசில்லா.

"கீச்சைக் கேக்கறதுக்கு எனக்கு என்ன வேண்டுதலா?"

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பதினோரு நிமிஷம். அவள் அசையவில்லை. கண் சுவரில் ஒரே இடத்தில் இருந்தது. நடுவில் ஒரு பென்சிலை எடுத்தாள். மாஸ்டர் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் ஒரு கோடு. அந்தப் பக்கம் ஒரு கோடு.

மாஸ்டர் அறையில் நடந்தார். டிராயரைத் திறந்து பார்த்தார். மூடினார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாமியாராயிட்டியா? பேசு."

அவளுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டது.

பத்தாவது நிமிஷத்தில் பென்சில் நின்றது. கோடு போடவில்லை. கையில் அப்படியே நின்றது.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினாள். அவள் முகம் சிவந்திருந்தது. அழுகை என்று நினைத்தார் மாஸ்டர். கிட்டத்தில் பார்த்தபோது அது அழுகை இல்லை.

"கீச்சு ஆறு" என்றாள்.

"அவ்வளவுதானா? நான் ஐம்பதுன்னு நினைச்சேன்."

"உங்க குரல் ஒம்பது."

"என் குரலா?"

"ஆறு கீச்சுக்கு ஆறு. மீதி மூணு எதுக்கு மாஸ்டர்?"

"என்ன பேசற நீ? மைக்கே இல்லன்னு சொன்னேனே. என் குரல் எப்படி..."

நிறுத்தினார். ஆம்ப் பேசியது ஞாபகம் வந்தது.

அவள் எழுந்து ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். கேட்கவில்லை, அனுமதி வாங்கவில்லை. மாட்டினாள். முதல் நொடியிலிருந்து ஓட விட்டாள்.

வாசிப்பு. நல்ல வாசிப்பு.

கீச்சு.

தகர டப்பாவுக்குள்ளிருந்து ஒரு ஆள் கத்தினான். சனியனே!

வாசிப்பு.

கீச்சு. தள்ளி உக்காருன்னு சொன்னேன்ல! எத்தனை வாட்டி சொல்றது!

வாசிப்பு. கீச்சு இல்லை. ஆனாலும் அந்த ஆள் கத்தினான். கை எடு! கையை எடுங்கறேன்ல!

மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றக் கையைத் தூக்கினார். பிரிசில்லா தலையை ஆட்டினாள். கை இறங்கியது.

யார் இவன் என்று அவருக்கு முதலில் தெரியவில்லை. அது பொய். முதல் சொல்லிலேயே தெரிந்தது. ஆனால் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று தெரியாது.

கீச்சு. கத்தல். கீச்சு. கத்தல்.

கீழே கடையில் யாரோ மெழுகுவர்த்தி விலை கேட்டார்கள். அவள் அம்மா பதில் சொன்னாள். மாஸ்டருக்கு அது எதுவும் கேட்கவில்லை.

பத்தாவது நிமிஷம். மறுபடி கீச்சு. இந்த முறை நீளமாக.

அடிச்சேன்னா தெரியும்!

அதற்குப் பிறகு, மிகவும் பக்கத்தில், பிக்கப்பை ஒட்டி, கன்னத்தை மரத்தில் வைத்துப் பேசுகிற அளவு பக்கத்தில், வேறொரு குரல்.

அப்பா, நான் இல்லப்பா. கிட்டார்ப்பா.

அந்த ஆள் சொன்னான்: வாய மூடு.

ஒரு உரசல். கன்னம் மரத்திலிருந்து எடுக்கப்படும் சத்தம்.

பிறகு வாசிப்பு. விட்ட இடத்திலிருந்து. ஒரு தாளம்கூடத் தப்பாமல்.

மாஸ்டர் கேட்டு முடித்தார். ஹெட்போன் காதிலேயே இருந்தது. அதில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் கழற்றவில்லை.

பிரிசில்லா அதைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அவ சொன்னது..." என்றார். ஆணியில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தார். "அவ சொன்னது அன்னைக்கு எனக்குக் கேக்கவே இல்ல."

"பிக்கப்புக்குக் கேட்டிருக்கு."

"டெரிக் வாரா வாரம் இதைக் கேட்டிருக்கான்."

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலியே அவன்."

"யார்கிட்ட சொல்லுவான்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

கடைசிச் சொல்லில் குரல் ஏறியது. அவருக்கே கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

கீழேயிருந்து மெழுகு உருகும் வாசனை மேலே வந்தது.

அவள் மேசையைத் துடைத்தாள். புதுப் பிக்கப்பைக் கழற்றி எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். பழையதை இன்னொரு பக்கம் வைத்தாள். கிட்டார் நடுவில் ஓட்டையோடு கிடந்தது.

"புதுசு, ஸ்ட்ரிங்கைத் தவிர எதையும் கேக்காது" என்றாள். "பழசை அம்மாவோட மெழுகுச் சட்டியில ஒரு மணி நேரம் போட்டு எடுத்தா, அதுவும் கேக்காது. நீங்க முதல்ல கேட்டது அதுதான். எப்படி வேணும்னாலும் செஞ்சு தரேன்."

மாஸ்டர் இரண்டையும் பார்த்தார். கையைப் புதியதன் பக்கம் கொண்டுபோனார். நிறுத்தினார்.



பழையதை எடுத்தார். கட்டைவிரலால் அதன் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். உள்ளே யாரோ தூங்குவது போல.

"இதையே வெச்சிடுங்க" என்றார்.

"மெழுகுல முக்கவா?"

"வேணாம். அது கேக்கறது கேக்கட்டும்."

பிரிசில்லா அதை வாங்கி ஓட்டையில் பொருத்தினாள். ஒயர்களைப் பிரித்தாள். சால்டரிங் கம்பியை எடுத்தாள். நுனியிலிருந்து புகை எழுந்தது.

"கீச்சிடும்" என்றாள்.

"கீச்சிடட்டும்."

அவள் கம்பியை இறக்கவில்லை.

"அது கீச்சிடும்போது நீங்க?" என்றாள்.